அசையாமல் இருபது விநாடி

அவனை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது அக்கா. நின்றபடியே சாப்பிடுவான். ஒரு காலில் செருப்பை மாட்டும்போதே மறுகால் வாசலைத் தாண்டியிருக்கும். யாராவது பேச ஆரம்பித்தால் மிச்சத்தை இவனே சொல்லி முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். கடிதம் வந்தால் முதல் வரி, புத்தகம் என்றால் கடைசிப் பக்கம்.

இப்படிப்பட்டவன் போயும் போயும் எதைப் பிடித்துக்கொண்டான் தெரியுமா? ஷட்டரை இருபது விநாடி, முப்பது விநாடி திறந்து வைத்து எடுக்கிற கடல் படங்களை. லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அந்த நேரத்தில் அசைகிறதெல்லாம் கரைந்துவிடும். அசையாதது மட்டும் நிற்கும். அலை புகையாகிவிடும். பாறை பாறையாகவே இருக்கும்.

"உன்னால நிக்க முடியாது. அதான் அந்தக் கேமராவை நிக்க வெச்சுட்டு நீ அதைச் சுத்திச் சுத்தி வர்ற" என்பாள் அக்கா.

"நீ மட்டும் என்ன? நாள் பூரா அடுத்தவன் காலைப் பிடிச்சுக்கிட்டு அசையாதீங்க அசையாதீங்கன்னுதானே சொல்லிக்கிட்டிருக்க?"

அதுவும் உண்மைதான். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்வதற்கு அளவெடுக்கிற இடத்தில் அக்காவுக்கு வேலை. மாவுக்கட்டுத் துணியை நனைத்து, மிச்சமிருக்கிற காலைச் சுற்றி, அது இறுகுகிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் அசைந்தால் அச்சு கெட்டுப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் நகக்கண்ணில் எல்லாம் வெள்ளை மாவு இருக்கும்.

வீட்டில் மூன்றே பேர். அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. பகலில் பக்கத்து வீட்டு அத்தை வந்து உட்கார்ந்துகொள்வார். காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, நடை பழக்குவது அக்கா. சாயங்காலத்துக்கு அவசரம். இரண்டு பேரும் இருந்ததால் வண்டி ஓடியது. ஒருவர் போகலாம், இரண்டு பேரும் போக முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை, ஒரே மாதத்தில் இரண்டு கடிதங்கள் வருகிற வரைக்கும்.

முதலில் வந்தது அக்காவுக்கு. வேறு ஊரில் இரண்டு வருடப் படிப்பு. அளவெடுப்பதோடு நிற்காமல், விரல் மடங்குகிற செயற்கைக் கையைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளலாம். கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா சமையலறையில் தனியாக நின்று தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் முதல் வரியைப் படித்துவிட்டு, "சூப்பர் அக்கா!" என்று தோளில் ஒரு தட்டு தட்டினான். அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவைத்தாள்.

பத்து நாள் கழித்து இவனுக்கு வந்தது. அலைகளை அளக்கிற ஆராய்ச்சிக் கப்பல். படமெடுக்க ஒரு ஆள் வேண்டும், ஒரு வருடம். வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார் கப்பல் மேனேஜர். அவசரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னான், அத்தையிடம் சொன்னான், பால் கொண்டு வருகிறவரிடம்கூடச் சொன்னான். அக்காவிடமும் சொன்னான், ஆனால் போகட்டுமா என்று கேட்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வாரம் புயல் வந்து மூன்று நாள் ஊரைப் புரட்டிப் போட்டது. வெள்ளிக்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. கடல் மட்டும் இன்னும் கோபம் தணியாமல் இருந்தது.

"அக்கா, எழுந்திரு! கிழக்கே மேகத்துக்கு அடியில கோடு மாதிரி ஒரு சந்து இருக்கு. சூரியன் அது வழியா வந்துட்டுப் போயிடும். நாலு நிமிஷம்தான். மூணு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்."

"சூரியன் உன்கிட்ட வந்து சொல்லிச்சா, நாலு நிமிஷம்னு?"

"வண்டிய எடு அக்கா, ப்ளீஸ்."

அத்தையைக் கூப்பிட்டு அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அக்கா வேலையிடத்து வேனை எடுத்தாள். உள்ளே ஒரே மாவு வாசனை. பின்னால் ட்ரைபாட் உருண்டது. அவசரம் மடியில் கேமராவை வைத்து, அம்மா குளிக்கும்போது தலையில் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், நேத்து உன் கப்பல் மேனேஜருக்கு..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"அக்கா, அங்க பாரு, அந்த மேகத்தைப் பாரு! சாம்பல் எப்படி ஊதாவா மாறுது பாரு!"

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தாள். "நான் என்ன யோசிச்சேன்னா..."

"லெஃப்ட்ல திரும்பு, லெஃப்ட்ல! அந்தப் பக்கம் மரம் விழுந்து கிடக்கு."

மூன்றாவது முறை அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "காலைல பேசலாம்னு நேத்து நீதான் சொன்ன" என்று மட்டும் சொன்னாள்.

"பேசலாம் பேசலாம். வெளிச்சம் போறதுக்குள்ள படம் எடுத்துடலாம்."

சாலை முடிகிற இடத்தில் கடலுக்கு மேலே தூக்கிக் கட்டிய ஒரு கான்கிரீட் மேடை. ஓரத்தில் இரும்புக் கம்பி. அலை மேலே வராது; சாரல் மட்டும் முகத்தில் அறையும். அவசரம் ட்ரைபாடை ஊன்றினான். காற்றில் ஆடாமல் இருக்க அதன் நடுவில் பையைத் தொங்கவிட்டான். காற்று வருகிற பக்கம் தன் முதுகைக் கொடுத்து நின்றான். லென்சைத் துடைத்தான், மறுபடி துடைத்தான். படத்தில் ஏதோ குறைந்தது. வெறும் கடல் என்றால் அலை எவ்வளவு உயரம் என்று யாருக்குத் தெரியும்?

"அக்கா, போய் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நில்லேன். இருபது விநாடி. என் பக்கம் திரும்பி நில்லு. அசையக் கூடாது, வாயத் திறக்கக் கூடாது."

"எனக்கேவா?" என்று சிரித்தாள் அக்கா. மஞ்சள் மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போய், முப்பது அடி தள்ளி நின்றாள். பின்னால் கடல் கறுப்பாக எழுந்து வெள்ளையாக உடைந்தது.

அவன் ரிமோட்டை அழுத்தினான். ஷட்டர் திறந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விநாடியில் கேட்டான். காற்றுக்கு மேலே கத்தித்தான் கேட்டான்.

"அக்கா! நான் கப்பலுக்குப் போகட்டுமா? நீ அம்மாவைப் பாத்துக்குவியா?"

கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கேமராவே எண்ணி, கேமராவே மூடிக்கொள்ளும். இருந்தாலும் விநாடி முள்ளையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றில் ஏதோ குரல் மாதிரி வந்தது. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டான். அக்கா பதில் சொல்ல முடியாத ஒரே நேரம் அது, அதனால்தான் அப்போது கேட்டோம் என்பதை ஒத்துக்கொள்ள அவனுக்கு மூன்றரை வருடம் ஆனது.

ஷட்டர் மூடியது. இவ்வளவு நேரம் திறந்து வைத்து எடுத்த படத்தைக் கேமரா சுத்தம் செய்து திரையில் காட்ட இன்னும் இருபது விநாடி ஆகும். அதற்குள் முப்பது அடி நடந்து போய், "என்ன அக்கா சொன்ன?" என்று கேட்டிருக்கலாம். அவன் லென்சைத் துடைத்தான்.

படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். கடல் புகை, மேகம் ஈயம், அக்காவின் மழைக்கோட்டின் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தது. கம்பியைப் பிடித்த கை கல்வெட்டு மாதிரி இருந்தது. முகம் மட்டும் இல்லை. ஈரச் சுவரில் விரலால் தேய்த்த மாதிரி, இடமிருந்து வலமாக இழுபட்டுக் கிடந்தது.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஆடிவிட்டது என்று தள்ளியிருப்பார்கள். அவனால் முடியவில்லை, இது அவன் தொழில். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முகம் மேலும் கீழும் இழுபட்டிருக்கும். இது பக்கவாட்டில். ஒரு தடவை, இரண்டு தடவை ஆட்டினால் இருபது விநாடிப் படத்தில் பதியவே பதியாது. இந்த அளவுக்கு முகம் அழிய வேண்டுமென்றால் பன்னிரண்டு விநாடியாவது விடாமல் ஆட்டியிருக்க வேண்டும். பன்னிரண்டு விநாடி விடாமல், 'முடியாது' என்று சொல்லியிருக்கிறாள்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா அங்கிருந்தே.

இப்போதாவது சொல்லலாம். மணி ஆறே கால். நேரம் இருந்தது.

"ஆடிட்ட அக்கா! எல்லாம் வீணாப் போச்சு. இந்தத் தடவை ஆணியடிச்ச மாதிரி நில்லு!"

அக்கா ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். மறுபடி கம்பியைப் பிடித்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து மேகத்துக்கு அடியிலிருந்த சந்தில் சூரியன் எட்டிப் பார்த்தது. கடல் மேல் செம்பு உருக்கி ஊற்றியது மாதிரி ஒரு பட்டை. அவளுக்குப் பின்னால் அலை ஆளுயரத்துக்கு எழுந்து எழுந்து வெண்புகையாகக் கரைந்தது. இருபது விநாடி. அக்கா அசையவே இல்லை. இமைகூட ஆடவில்லையோ என்று தோன்றும், அப்படி ஒரு படம்.

வேனுக்குள் ஏறியதும் அக்கா கேட்டாள். "படம் வந்துச்சா?"

"வந்துச்சு அக்கா! நீ பாத்தா மிரண்டுடுவ."

"மொத படம்?"

"அதுவா? அது... ஆடிடுச்சுல்ல. அழிச்சிடுவேன்."

"சரி."

ஆறே முக்காலுக்கு அவசரம் போனை எடுத்து, 'வருகிறேன்' என்று ஒரே வார்த்தை அடித்து அனுப்பினான். "அனுப்பிட்டேன் அக்கா."

அக்கா கியரை மாற்றினாள். "ம்" என்றாள்.

அந்த 'ம்' போதும் என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவன் கப்பலேறினான்.

ஒரு வருடம் என்று போனது மூன்றரை வருடமானது. ஒரு கப்பல் விட்டு இன்னொரு கப்பல். அந்த இரண்டாவது படம் அவனுக்கு முன்னால் ஓடியது. கப்பல் மேனேஜர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டினார். ஒரு பத்திரிகை அட்டையில் போட்டு, 'புயலுக்கும் அசையாதவள்' என்று கீழே எழுதியது. பேட்டிக்கு வந்தவர்களிடம் அவசரம், "எங்க அக்கா அப்படித்தாங்க, எதுக்கும் அசைய மாட்டா" என்று சொன்னான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி முதல் படம் உறுத்தியது. அழிப்பதாகச் சொன்னவன் அழிக்கவில்லை. மூன்று லேப்டாப் மாறினான். ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொண்டான்.

ஊருக்கு வந்தபோது அம்மா கைத்தடியோடு தானாகவே வாசல்வரை நடந்து வந்தார்.

"வந்துட்டியா அவசரம்? உக்காரு. அடுத்த கப்பல் எப்போன்னு சொல்லிட்டாவது உக்காரு."

கூடத்துச் சுவரில் அந்தப் படம். ஃபிரிட்ஜ் கதவில் அதே காந்தம். அதற்கு அடியில் அம்மாவின் மாத்திரைச் சீட்டு. அக்கா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு வந்து, "இளைச்சுட்ட" என்றாள். அவ்வளவுதான். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அவ பேச்சே கொறைஞ்சு போச்சுடா. எதைக் கேட்டாலும் 'ம்'ங்கிறா. பிடிக்குதா பிடிக்கலையான்னே தெரியல. முன்னெல்லாம் வேண்டாம்னா தலைய எப்படி ஆட்டுவா! காதுல போட்டது கழண்டு விழுந்துடும்."

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

அன்று மத்தியானமே முதல் படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்கா வேலை செய்கிற இடத்துக்குப் போனான். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்: அக்கா, அன்னைக்கு நான் பாத்தேன், பாத்தும் மறைச்சுட்டேன். இதைச் சொல்லிவிட வேண்டும், மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். உயரமான மேசையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த காலில் அக்கா மாவுத்துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் உன்கிட்ட ஒண்ணு..."

அங்கேயே நின்றான். அவள் இரண்டு கையும் மாவில் இருந்தன. திரும்ப முடியாது, விட முடியாது. மறுபடியும் அதே மாதிரி ஒரு நேரமாகப் பார்த்து வந்து நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது.

"என்ன?" என்றாள் அக்கா, கையைப் பார்த்தபடியே.

"ஒண்ணுமில்ல. நீ முடி. நான் நிக்கிறேன்."

"நிக்கிறியா? நீயா?"

"யாரும்மா இது?" என்றார் டிரைவர்.

"என் தம்பி. அவசரம்னு பேரு."

"என் பஸ்ஸுல இப்படித்தான் பாதிப் பேரு, நிக்கிறதுக்கு முன்னாடியே குதிச்சிடுவானுங்க. எனக்குக் கால் போனது பஸ்ஸுல இல்ல தம்பி, வீட்டு மாடிப்படியில. முப்பது வருஷம் ஓட்டினவன் ஏழாவது படியில விழுந்தேன்."

"பேசாதீங்க, சதை ஆடுது" என்றாள் அக்கா. டிரைவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

அவசரம் சுவரில் சாய்ந்து நின்றான். மாவு இறுகுவதற்கு எட்டு நிமிடம் ஆனது. அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் இரண்டு வெள்ளை முடி. மாவு என்று முதலில் நினைத்தான்.

அச்சைக் கழற்றி வைத்துவிட்டு டிரைவரை வெளியே உட்கார வைத்தாள். கை கழுவினாள். "ம், சொல்லு" என்றாள்.

அவன் பேப்பரைப் பிரித்தான். அக்கா படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஈரக் கையைத் துடைக்க மறந்துவிட்டாள். தண்ணீர் விரல் நுனியிலிருந்து சொட்டியது.

"அழிச்சிடுவேன்னு சொன்ன."

"அழிக்கல. அக்கா, நீ முடியாதுன்னு தலையாட்டினத நான் அன்னைக்கே பாத்தேன். பாத்துட்டுத்தான் ஆடிட்டன்னு உன்னைத் திட்டினேன்."

"தெரியும். நீ பெருசாக்கிப் பாத்ததை நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். உன் முகம் ஒரு மாதிரி ஆச்சு."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்வியான்னு பாத்தேன். மொத படம் என்னாச்சுன்னுகூடக் கேட்டேனே." அவள் கையைத் துணியில் துடைத்தாள். "அப்புறம் எனக்கும் ஒரு வீம்பு. அசையாதன்னா அசையல, போ."

கேட்பதற்கு இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருப்பது அவனுக்குத் தெரிந்தது. மூன்றரை வருடத்துக்கு முன்னால் முப்பது அடி நடந்து போய்க் கேட்டிருக்க வேண்டியது.

"அன்னைக்கு நீ என்ன அக்கா சொன்ன?"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுவிட்டு அவன் அடுத்த அறைக்குப் போய்விடவில்லை என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"'இப்ப வேண்டாம்டா. மொதல்ல நான் போறேன். ரெண்டே வருஷம். அப்புறம் நீ போ, உன் கப்பல் எங்கயும் போயிடாது'ன்னு சொன்னேன். முந்தின நாளு உன் மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்டிருந்தேன். வருஷா வருஷம் ஆள் எடுப்போம், உங்க தம்பிக்கு ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட இடம் இருக்கும்னார். அதைத்தான் வண்டியில சொல்ல வந்தேன். நீ மேகத்தைக் காட்டின."

அவசரம் படத்தைப் பார்த்தான். இழுபட்ட அந்த முகத்தை எத்தனை ஊரில், எத்தனை திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான்! எத்தனை விநாடி ஆட்டினாள் என்று கணக்குப் போட்டானே தவிர, அவள் என்ன பேசியிருப்பாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. முடியாது என்று படித்துவிட்டு மறைத்து வைத்தான். அது முடியாது இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் போட்டு வைத்த வழி.

"இப்ப போ அக்கா" என்றான். "நான் இருக்கேன். எந்தக் கப்பலுக்கும் போகல. அம்மாவை நான் பாத்துக்கறேன். நீ இந்த வருஷமே..."

"முப்பது வயசு வரைக்கும்தான்டா எடுப்பாங்க. அந்தக் கடிதத்துல ரெண்டாவது பக்கத்துல போட்டிருந்துச்சு."

அவனுக்கு அந்தப் பக்கம் கண்முன்னால் வந்தது. காந்தத்துக்கு அடியில், திருப்பப்படாமல்.

"எழுதிக் கேக்கலாமே. வேற எங்கயாவது..."

"கேக்கலாம்" என்றாள் அக்கா. அதில் ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "சரி, அதைக் கொடு இங்க."

படத்தை வாங்கிச் சுவரோரம் தூக்கிப் பிடித்து, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "இங்க ஒரு ஆணி அடி."

"இங்கயா? ஏன்?"

"வர்றவங்களுக்குக் காட்டத்தான். அசைஞ்சா என்ன ஆகும்னு எத்தனை தடவை வாயால சொல்றது?"

அவள் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். இழுப்பறையிலிருந்து சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஆணியை வைத்து அடித்தான். முதல் அடியில் வளைந்தது. பிடுங்கி நிமிர்த்தி, மெதுவாக, ஒவ்வொரு அடியாக அடித்தான்.

அதற்குள் அடுத்து அளவெடுக்க வந்த அம்மாளை அக்கா உள்ளே கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்திருந்தாள். அந்த அம்மாள் புதிதாகத் தொங்கிய படத்தைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"கடலு ஜோரா இருக்கு. அது யாரு, முகமே இல்லாம?"

அக்கா மாவுத்துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள்.

"அது அசைஞ்ச ஒருத்தி" என்றாள். "நீங்க அசையாதீங்க."